செயற்கைக்கோளை அடித்த நான்கு ஏவுகணைகள்: கேப் டவுன் பெட்டிகளுக்கு எது ஆபத்து?

டர்பன் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களின் ஏஐஎஸ் அடையாளச் சிக்னலை வானிலிருந்து பிடிக்க, கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த மூன்று எம்டிஏசாட் கியூப்சாட்டுகள் (சிறு பெட்டி வடிவச் செயற்கைக்கோள்கள்) 2022 ஜனவரி 13 அன்று ஏவப்பட்டன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2021 நவம்பர் 15 அன்று, ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் காஸ்மோஸ் 1408-ஐ ஏவுகணையால் நொறுக்கியிருந்தது. தென்னாப்பிரிக்காவிடம் அப்படி ஓர் ஆயுதம் இல்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் 2021-இல் எட்டிய உயரமே 17.9 கி.மீ. தான். ஆனாலும் அந்தக் குப்பையின் ஆபத்தில் நமக்கும் பங்கு உண்டு.

இப்படித் தம் செயற்கைக்கோளையே நான்கு நாடுகள் அடித்திருக்கின்றன. இந்த அடிகளை ஒப்பிடும்போது பலரும் ஏவுகணையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடி விழுந்த உயரத்தை. சீனா 2007 ஜனவரி 11 அன்று ஃபெங்யுன் 1சி-யை அடித்தது சுமார் 865 கி.மீ. உயரத்தில். அமெரிக்கா 2008 பிப்ரவரியில் யுஎஸ்ஏ 193-ஐ 247 கி.மீ. உயரத்தில் அடித்தது. இந்தியா 2019 மார்ச் 27 அன்று 740 கிலோ மைக்ரோசாட்-ஆரை அடித்தபோது உயரம் சுமார் 283 கி.மீ. ரஷ்யாவின் அடி 480 கி.மீ. அருகில் விழுந்தது. வெடிமருந்து தேவையே இல்லை: விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் மோதும் ஒரு கிலோ உலோகத்துக்கு, பன்னிரண்டு கிலோ டிஎன்டிக்கு நிகரான ஆற்றல் உண்டு.

சிதறிய துண்டு எவ்வளவு மேலே போனாலும் ஒவ்வொரு சுற்றிலும் மோதல் நடந்த உயரத்துக்கே இறங்கி வரும். அங்கே காற்று இருந்தால் வேகம் குறைந்து எரிந்துவிடும். அமெரிக்கா இதில் தப்பியது. யுஎஸ்ஏ 193 கட்டுப்பாடிழந்து தானாகவே விழுந்துகொண்டிருந்த செயற்கைக்கோள். உள்ளே சுமார் 450 கிலோ ஹைட்ரசீன் என்ற நச்சு எரிபொருள் இருந்ததை அடித்ததற்குக் காரணமாகச் சொன்னார்கள், எல்லோரும் நம்பவில்லை. லேக் எரி போர்க்கப்பலிலிருந்து ஏவிய எஸ்எம்-3 ஏவுகணை செயற்கைக்கோளை அடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. ரேடாரில் தெரிந்து பட்டியலில் ஏறிய துண்டுகள் இரண்டே ஆண்டுக்குள் விழுந்து தீர்ந்தன.

இந்தியா என்றதும் இங்குள்ள நம்மவர்களுக்குக் கை தட்டத் தோன்றும். தட்டுங்கள், ஆனால் கணக்கையும் பாருங்கள். 45 நாளில் குப்பை விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பகுதி சீக்கிரம் விழவும் செய்தது. ஆனால் மோதலில் விநாடிக்கு 40 மீட்டர் கூடுதல் வேகம் கிடைத்தாலே போதும், துண்டின் பாதையின் உச்சி சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்துக்குப் போய்விடும். 24 துண்டுகள் அப்படி நிலையத்துக்கு மேலே போனதாக நாசா சொன்னது. சில துண்டுகள் ஆண்டுக்கணக்கில் சுற்றின.

சீனாவின் அடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். அந்த உயரத்தில் காற்று பெயருக்குத்தான். பாதிக்கு மேல் இன்னும் சுற்றுகின்றன. மொத்தக் கணக்கில் இதுதான் மிக மோசம்.

எம்டிஏசாட்டுக்கு மட்டும் ரஷ்யாவின் அடிதான் பெரிய தொல்லையாக இருந்தது. பட்டியலில் 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள். அன்று நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் ஒதுங்கினார்கள். காஸ்மோஸ் 1408-இன் சாய்வு, அதாவது பூமத்திய ரேகையோடு அதன் பாதை செய்யும் கோணம், 82.6 பாகை. எம்டிஏசாட் போன்ற, சூரியனின் போக்கோடு ஒத்து நகரும் சூரிய ஒத்திசைவுச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களின் சாய்வு சுமார் 97.5. இரண்டையும் கூட்டினால் 180 வருகிறதல்லவா? அதில்தான் வம்பு. இரண்டு பாதைகளும் எதிரெதிராக நகர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தளத்தில் படியும். அப்போது குப்பை முழுவதும் ஒருவழிச் சாலையில் எதிரே வரும் லாரிக் கூட்டம்தான்; நெருங்கும் வேகம் விநாடிக்கு 15 கி.மீ. அந்தச் சில நாட்களில் எச்சரிக்கைகள் குவிந்தன, மற்ற நாட்களில் அமைதி.

இந்த அளவு கியூப்சாட்டில் பெரும்பாலும் விலகிப்போக உதவும் உந்துபொறி இருக்காது. 10 செ.மீ. பக்கத்துக்குப் பதில் 20 செ.மீ. நீளப் பக்கத்தை முன்னே திருப்பினால் காற்றுத்தடை இரட்டிப்பாகி, மோதல் நடக்கக்கூடிய இடத்துக்குச் செயற்கைக்கோள் வந்து சேரும் நேரம் கொஞ்சம் மாறும். அதற்கும் எச்சரிக்கை முன்கூட்டியே வந்தாக வேண்டும். கடைசிச் சுற்றில் திருப்பிப் பயனில்லை. ஒரு செ.மீ. துண்டு என்றால் எச்சரிக்கையே வராது, ரேடார் பட்டியலில் அது இல்லை.