ஷீட் கூரைக்குப் பிவிசி மழைநீர் கட்டர்: பொருளுக்கு நாலு நட்சத்திரம், வேலைக்கு இரண்டு

நாகர்கோவில் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கூடவே கடல் காற்று வேறு, அதனால் கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடித்து இறக்கும் பழைய தகரக் கட்டர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் பிவிசிக்கு மாறினோம். கடை உள்ளூர்தான், பெயர் வேண்டாம்.

பொருளில் குறையில்லை. மாட்டிய விதம்தான் மோசம். இறங்கு குழாயை நோக்கிப் பத்தடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும்; இவர்கள் நூல் பிடிக்காமல் கண்ணளவிலேயே மாட்டிவிட்டுப் போக, நடுவில் தண்ணீர் தேங்கிக் கொசு. கிளாம்பும் இரண்டடிக்கு ஒன்று என்றில்லாமல் நாலடிக்கு ஒன்று, பெருமழையில் கட்டர் தொய்ந்து சுவரெல்லாம் ஈரம். போன் செய்தால் "மழை விடட்டும் அண்ணாச்சி" என்கிறார்கள். மழைக்குத்தானே அய்யா அதை மாட்டினதே!

அப்புறம் அனுப்பிய பையன் கெட்டிக்காரன். நூல் கட்டிச் சரிவு பார்த்து, கிளாம்பு கூட்டி, வெயிலில் பிவிசி நீளும் என்பதால் இணைப்பில் கொஞ்சம் இடைவெளியும் விட்டான். கூடுதல் காசு கேட்கவில்லை.

குழாய் வாய்க்கு வலை தரமாட்டார்கள், பக்கத்தில் முருங்கை நின்றால் தனியாக வாங்கிப் போடுங்கள். ஒரு ஓரத்தில் வாளித் தண்ணீர் ஊற்றி, அது முழுக்க வடிகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.