கெவ்லார் திரி என்று நம்பி வாங்கிய சங்கிலிப் பந்தம்: சிலம்பக் கூடங்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோயில் கொடை விழாக்களில் தீப்பந்தம் சுற்றும் சிலம்பக் கூடங்களும், நியூசிலாந்து மாவோரி மக்களின் 'போய்' ஆட்டத்திலிருந்து வளர்ந்த, சங்கிலி நுனியில் திரி கட்டித் தீ வைத்துச் சுற்றும் சங்கிலிப் பந்தத்தைப் புதிதாகப் பழகும் இளைஞர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் கூடத்துப் பிள்ளை ஒருவனின் முன்கையில் இன்றும் இருக்கும் தழும்புக்கு, இணையத்தில் நாங்கள் வாங்கிய ஒரு பொருளே காரணம்.

என் ஆசான் காலத்திலிருந்து நாங்கள் பந்தக் கம்புக்குப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, மண்ணெண்ணெயில் தோய்த்துத்தான் ஆடி வந்தோம். பருத்தி சில ஆட்டங்களிலேயே கருகிப் போகும், ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். இந்தச் சிரமம் குறையட்டும் என்றுதான் 'அசல் கெவ்லார் திரி' (தீயில் உருகாத செயற்கை இழையால் ஆன திரி) என்று விளம்பரம் செய்த ஒரு விற்பனையாளரிடம் 4,800 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி சங்கிலிப் பந்தம் வாங்கினோம். மண்ணெண்ணெய் முன்போல் எளிதில் கிடைப்பதில்லை என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, "எங்க கிட்டயே புகையில்லாத விளக்கு எண்ணெய் இருக்கு சார், அதையே ஊத்துங்க" என்று சொல்லி, பஸ் பார்சலில் ஒரு வெள்ளைக் கேனையும் அனுப்பி வைத்தார். கேனில் பெயரோ, எச்சரிக்கைக் குறியோ எதுவும் இல்லை. அதை அப்போதே திருப்பி அனுப்பாதது என் தவறு.

கொடைக்கு முந்தைய நாள் மாலை ஒத்திகை. தீ வைத்த நொடியிலேயே 'புஸ்' என்ற ஓசையோடு சுடர் திரியை விட்டு மேலேறிச் சங்கிலியின் பாதிவரை பிடித்தது. மண்ணெண்ணெய் அப்படிப் பற்றுவதில்லை, மெதுவாகத் தொடங்கித்தான் நிலைக்கும். மூன்றாவது நிமிடத்தில் திரியிலிருந்து எரியும் துளிகள் சொட்டத் தொடங்கின. "ஆசானே, கையில என்னமோ ஒட்டிக்கிட்டு எரியுது!" என்று பந்தம் சுற்றிய அந்தப் பிள்ளை கத்திய அதே வேளையில், மற்றொரு பந்தத்தில் திரியைச் சங்கிலியோடு இணைக்கும் வளையம் விரிந்து, திரி மட்டும் கழன்று பறந்து மணலில் விழுந்தது. பார்வையாளர் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. நனைத்த கோணிகளோடு இருவர் தயாராக நின்றதாலும், அவன் பருத்தி பனியன் மட்டுமே அணிந்திருந்ததாலும் காயம் கையோடு நின்றது. பற்பசை தடவ ஓடி வந்தவரைத் தடுத்து, குழாய்த் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் கையைப் பிடித்து வைத்திருந்து, பிறகு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

அன்றிரவே அந்தத் திரியை அறுத்துப் பார்த்தேன். மேல்சுற்று மஞ்சள் நிறம், உள்ளே வெள்ளை நூல். இரண்டிலும் ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினேன். மஞ்சள் இழை கருகியது, உருகவில்லை, சுடரை விட்டு எடுத்ததும் அணைந்தது. வெள்ளை இழையோ சுருங்கி, உருண்டு, கடுகளவு கெட்டியான மணியாகி நின்றது. அது பாலியஸ்டர். 1965-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் சிதையும், அப்போதும் உருகுவதில்லை. பாலியஸ்டரோ ஏறத்தாழ 260 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டே எரியும். உள்ளே மலிவான நூலைச் சுற்றி, மேலே மட்டும் அசலைப் போர்த்தி விற்றிருக்கிறார்கள். விரிந்துபோன வளையத்தையும் பார்த்தேன்: வெல்டிங் செய்யாத, சாவிக்கொத்தில் போடுவது போன்ற, கம்பியைச் சுருட்டி வைத்த வளையம். சூட்டில் தளர்ந்து, சுழற்சியின் இழுப்பில் விரிந்துவிட்டது. இந்த இடத்தில் திருகி மூடும் இரும்புக் கொக்கியோ வெல்டிங் செய்த வளையமோதான் இருக்க வேண்டும்.

எண்ணெயை நெருப்பிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய், காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சில நிமிடங்களில் சுவடே இல்லாமல் ஆவியாகிவிட்டது. விளக்கு எண்ணெயானாலும் மண்ணெண்ணெயானாலும் காகிதத்தில் எண்ணெய்க் கறை நெடுநேரம் நிற்கும். கேனில் வந்தது பெட்ரோல் போன்ற ஏதோ ஒன்று என்று புரிந்தது. பெட்ரோல் வகை எரிபொருள் உறைபனிக் குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவிச் சற்றுத் தள்ளி இருக்கும் நெருப்பைக்கூட எட்டிவிடும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 டிகிரி வேண்டும், அதனால்தான் நம் முன்னோர் அதைக் கையாள முடிந்தது. ஆனால் சித்திரை வெயிலில் கேனை வெளியே வைத்தால் அந்த 38 டிகிரி தானாகவே வந்துவிடும் என்பதை நானும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் யோசித்தேன். இப்போது மூடி உள்ள இரும்பு டப்பாவில் தோய்த்து, அங்கேயே உதறி வடித்து, டப்பாவை மூடி நிழலுக்கு நகர்த்திய பிறகே தீக்குச்சியை எடுக்கிறோம்.

விற்றவரிடம் படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க தப்பா சுத்தியிருப்பீங்க சார்" என்று ஒரே வரியில் பதில் வந்தது, பிறகு என் தொலைபேசி எண்ணை முடக்கிவிட்டார். மருத்துவச் செலவைக் கூடமே ஏற்றது. அதே பந்தம், அதே படத்துடன், வேறு கடைப் பெயரில் இப்போதும் விற்பனைக்கு இருக்கிறது. வாங்குவோர் திரியின் ஓரத்தைப் பிரித்து உள்நூலைச் சுடரில் காட்டிப் பார்க்காமல், தயவுசெய்து ஒரு பிள்ளையின் கையிலும் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.