பிபிஓ டீல் ஜெனரேட்டர்: 2 கிளப் ஓப்பனிங்குக்குப் பதில் சொல்லிப் பழக உதவுமா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கான இணையதளமான பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில், அதாவது பிபிஓவில், காசில்லாமல் கிடைப்பவற்றில் அதிகம் பேர் தொடாதது பிட்டிங் டேபிள். பார்ட்னர்கள் இருவரும் பிட் மட்டும் செய்யலாம், அதாவது ஏலம் மட்டும் சொல்லலாம், கார்டு இறக்க வேண்டியதில்லை. எந்த மாதிரி கை வரவேண்டும் என்று நிபந்தனை போட்டு வரவழைக்கும் டீல் ஜெனரேட்டரும் இருக்கிறது. 2 கிளப் போன்ற, பலமான கையைக் காட்டும் ஓப்பனிங்குக்கு (ஏலத்தைத் தொடங்கும் பிட்) பழக வேறு வழியும் இல்லை. 22 பாயிண்டும் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) அதற்கு மேலும் உள்ள கை ஏறக்குறைய 236 டீலுக்கு ஒருமுறைதான் வரும். மாலைக்கு 24 போர்டு ஆடுகிறவருக்குப் பார்ட்னரிடம் அந்தக் கை வர சராசரியாகப் பத்து மாலை ஆகும். அதற்குள் போன தடவை பேசி வைத்ததெல்லாம் மறந்திருக்கும்.

நிபந்தனையை வெறும் பாயிண்டாகவும் சூட்டின் நீளமாகவும் கொடுக்கலாம். நுணுக்கமாக வேண்டுமென்றால், ஹான்ஸ் வான் ஸ்டாவெரன் எழுதிய டீலர் என்ற நிரலின் மொழியில் எழுதலாம். இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் கிடைக்கும் கைகள் தவறான பாடம் சொல்லித்தரும்.

ஏன் என்று பார்ப்போம். ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் எல்லோ கார்டு என்ற பிட்டிங் முறையில் 2 கிளப்புக்கு 2 ஹார்ட், 2 ஸ்பேட், 3 கிளப், 3 டயமண்ட் என்று பாசிட்டிவ் பதில் (கையில் பலமுண்டு என்று காட்டுவது) சொல்ல 8 பாயிண்டும் 'நல்ல' ஐந்து கார்டு சூட்டும் வேண்டும். ஐந்து என்ற எண் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, 'நல்ல' மட்டும் காணாமல் போய்விடுகிறது. நீளத்தை மட்டும் கேட்டால் ஜெனரேட்டரும் அதே தவறைச் செய்யும்.

இந்தக் கையைப் பாருங்கள்: ஸ்பேடில் ஜாக்-9-6-4-2, ஹார்ட்டில் கிங்-5, டயமண்டில் ஏஸ்-8-3, கிளப்பில் 10-7-4. எட்டுப் பாயிண்ட், ஐந்து ஸ்பேட். எதிரே ஓப்பனரிடம் ஸ்பேட் குயின்-7, ஹார்ட் ஏஸ்-குயின்-ஜாக்-4, டயமண்ட் கிங்-குயின்-ஜாக்-5, கிளப் ஏஸ்-கிங்-குயின், ஆக 24. நீங்கள் 2 ஸ்பேட் சொன்னால், தன் குயினைப் பார்க்கும் ஓப்பனர் ஏஸும் கிங்கும் உங்களிடம் இருப்பதாகவே எண்ணி ஸ்லாமுக்கு (12 அல்லது 13 டிரிக் எடுப்பதாகச் சொல்வது) போவார். இரண்டும் இருப்பது எதிராளிகளிடம். சூட் எதையும் காட்டாமல் 2 டயமண்ட் என்று காத்திருந்தால் அவர் 2 நோ டிரம்ப் (துருப்பில்லாமல்) என்று 22-24 காட்டுவார். நீங்கள் 3 ஹார்ட் டிரான்ஸ்ஃபர் (ஐந்து ஸ்பேட் உண்டு, 3 ஸ்பேட் சொல்லுங்கள் என்பது), அவர் 3 ஸ்பேட், நீங்கள் 3 நோ டிரம்ப். இரண்டே ஸ்பேட் வைத்திருப்பவர் அங்கேயே பாஸ். ஐந்து கார்டு இருப்பதையும் சொல்லியாயிற்று, அது நொண்டி சூட் என்பதை மறைக்கவுமில்லை.

இதையே ஹார்ட் கிங்-குயின்-10-8-4, வெளியே டயமண்ட் கிங் என்று மாற்றுங்கள். அதுவும் எட்டுப் பாயிண்ட்தான், ஆனால் தயங்காமல் 2 ஹார்ட். ஆகவே டீலரில் சூட் நீளம் ஐந்துக்குக் குறையாமல் என்பதோடு, அந்த சூட்டின் மேல் மூன்று கார்டில் (ஏஸ், கிங், குயின்) குறைந்தது இரண்டு கையில் வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். கிளப்புக்கும் டயமண்டுக்கும் நீளத்தை ஆறு என்று வையுங்கள். விதி ஐந்துதான் கேட்கிறது. ஆனால் 3 கிளப் என்ற பதில் ஓப்பனரின் இரண்டாம் மட்டம் முழுவதையும் விழுங்கிவிடும், அந்த விலைக்கு ஐந்து கார்டு போதாது.

ஓப்பனர் பக்கத்தில் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். 22 பாயிண்ட் என்று மட்டும் கேட்டால், எட்டு ஸ்பேடும் 18 பாயிண்டுமாக ஒன்பது டிரிக் எடுக்கும் கை ஒருபோதும் வராது. 'அல்லது' போட்டு, ஏழு கார்டு சூட்டும் மூன்றுக்கு மிகாத லூசரும் (டிரிக்கை இழக்கக்கூடிய கார்டு) உள்ள கைகளைச் சேருங்கள். அடுத்து, இதே முறையில் 25-27 பேலன்ஸ்டு (சூட்டுகள் ஏறக்குறைய சமமாகப் பிரிந்த) கை 3 நோ டிரம்பில் ஓப்பன் ஆகும். அதை விலக்காவிட்டால் சம்பந்தமில்லாத டீல்கள் வந்து நிற்கும்.

நிபந்தனையை மிக இறுக்கினால் கேட்ட எண்ணிக்கையில் டீல் கிடைக்காது. அதைவிட மோசம், ஒவ்வொரு கையும் பாசிட்டிவ் என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும், அப்புறம் என்ன பயிற்சி? அதனால் பாசிட்டிவ் கை எது என்று பிடிபட்டபின், ரெஸ்பாண்டருக்கு (பதில் சொல்பவர்) 'ஏதாவதொரு சூட்டில் ஐந்து' என்று மட்டும் வைத்து, பாயிண்டைத் திறந்து விடுங்கள். ஓப்பனரிடம் 22 போனால் மீதி 18 மூன்று கைகளுக்குப் பிரியும், ஆளுக்குச் சராசரி ஆறு. பெரும்பாலான கைகளில் சரியான பதில் 2 டயமண்ட்தான் என்பது பத்துப் பதினைந்து டீலிலேயே உறைக்கும்.

பார்ட்னர் கிடைக்காத நேரத்தில் ரோபோ உண்டு. மேத்யூ கின்ஸ்பெர்க் எழுதிய ஜிப் அது, 1998, 1999 உலகக் கணினி பிரிட்ஜ் சாம்பியன். பிட்டை அழுத்துமுன் அதன்மேல் கர்சரை வைத்தால் நீளமும் பாயிண்டும் காட்டுவது அருமையான வசதி. ஆனால் ரோபோ ஆடுவது டூ ஓவர் ஒன் என்ற வேறொரு பிட்டிங் முறை. அது காட்டும் விளக்கத்தை உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2 கிளப்புக்கு 2 ஹார்ட் என்ற பதிலைக் 'கையில் ஒன்றுமில்லை' என்று வைத்துக்கொள்ளும் ஜோடிகளுக்கு ரோபோ உதவாது, அவர்களுக்குப் பிட்டிங் டேபிள்தான்.

பிரிசிஷன் என்ற பிட்டிங் முறை ஆடுபவர்கள் இதே நிபந்தனைகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அங்கே 1 கிளப் ஓப்பனிங் என்பதே 16 பாயிண்டும் அதற்கு மேலும்; அதற்குப் பதிலாக 1 டயமண்ட் 0-7, 1 ஹார்ட்டும் 1 ஸ்பேடும் குறைந்தது எட்டும் ஐந்து கார்டும். ஒன்றாம் மட்டத்தில் இடம் தாராளம், ஓப்பனர் மேற்கொண்டு விசாரித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் ஜாக்-9-6-4-2 அங்கே கூச்சமில்லாமல் 1 ஸ்பேட். மேல் மூன்று கார்டு நிபந்தனையை எடுத்துவிட்டு, ஓப்பனருக்கு 16 என்று மாற்றினால் போதும். டீலும் தட்டுப்பாடின்றி வரும்.