வாரிசுச் சான்று வாங்கித் தருவதாக 14,800 ரூபாயைச் சுருட்டிய 'சட்ட உதவி' ஆப்: டெல்டாக்காரர்கள் உஷார்

நேற்று சாயங்காலம்தான் உறுதியானது. 14,800 ரூபாய் போச்சு. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலங்கைமான் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலம். அப்பா தவறிய பிறகும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கிறது. குடமுருட்டியில் தண்ணீர் வந்தாச்சு, குறுவைக்குச் சொசைட்டியில் கடன் கேட்டால் பட்டாவை மாற்றிக்கொண்டு வா என்கிறார்கள். அதற்கு முதலில் வாரிசுச் சான்று வேண்டும். நான் தஞ்சாவூரில் வேலைக்குப் போகிறவன், தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாது. அந்த நேரம் பார்த்துப் போனில் வந்து நின்றது விளம்பரம்: சாமானியர்களுக்குச் சட்டம் சொல்லித்தந்து, வேலையையும் முடித்துத் தருகிற ஆப்பாம். பெயரைப் போடவில்லை. போட்டால் அதற்கும் ஒரு நோட்டீஸ் விடுவான்.

வீடியோ காலில் வந்தவன் கழுத்தில் வெள்ளைப் பட்டை, பின்னால் அலமாரி நிறையத் தடித்தடிப் புத்தகங்கள். அவன் சொன்ன சட்டத்தில் ஒரு வரி பொய் இல்லை, அதுதான் ஆத்திரம். "உயில் இல்லாததால அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சமபங்கு சார். கல்யாணமாயிடுச்சுன்னு தங்கச்சி பேரை விடக்கூடாது" என்றான். "அப்பாவைப் பெத்தவங்க, பாட்டி, உயிரோட இருக்காங்களா? இருந்தா அவங்களுக்கும் பங்கு உண்டு" என்றுகூட விசாரித்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நல்ல புள்ளையா இருக்காம்ப்பா" என்றார். அங்கேயே 14,800 ரூபாயை அனுப்பினேன்.

வந்தது என்ன? வில்லங்க விவரமும் சிட்டா நகலும், மேலே அவர்கள் முத்திரை. இரண்டையும் அரசு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வாரிசுச் சான்றுக்கு ஒரு விண்ணப்ப எண் கொடுத்தார்கள். கேட்கும்போதெல்லாம் "தாசில்தார் டேபிள்ல இருக்கு சார்", "விஏஓ லீவு சார்". ஒரு நாள் "எலெக்‌ஷன் டியூட்டி சார்" என்றாள் ஒருத்தி. எந்த எலெக்‌ஷன்மா என்றேன், லைன் கட்.

விஏஓ ஆபீசில்தான் இருந்தார். "என் லாகினுக்கு எதுவும் வரலையே தம்பி." ஈ-சேவையில் இருந்த பெண் நம்பரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்ம நம்பரே கிடையாது" என்றது. அங்கே கட்டணம் 60 ரூபாய். அறுபது ரூபாய் வேலைக்கு 14,800!

பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்னிடமே சட்டம் பேசுகிறான். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம், கேஸ் போடுவதானால் அவர்கள் ஊருக்கு வரணுமாம். தீர்ப்பு நிஜம்தான். ஆனால் அது வக்கீல்களுக்கு. பார் கவுன்சில் பதிவு எண் கேட்டால் வாய் திறக்காதவன் என்ன வக்கீல்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடணும், அவ்வளவுதான். போடப் போகிறேன்.

ஸ்டேஷனிலும் முதலில் "இது சிவில் மேட்டர் சார்" என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். ஏமாற்றிப் பணம் பறித்தால் அது கிரிமினல் குற்றம். பழைய 420தான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. புகாரை எழுதிக்கொடுத்துவிட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கையில் வரும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

என்னென்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. சுருக்கமாக: வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அப்படி ஆள் பிடித்துத் தரும் இணையதளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. அதனால் போனில் தானாக வந்து நிற்கிற வக்கீலை நம்பாதீர்கள். இலவச சட்ட உதவிக்குப் போன் நம்பர் 15100, பெண்களுக்கு வருமானம்கூடப் பார்க்க மாட்டார்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவான். விண்ணப்ப எண் கொடுத்தால் அன்றைக்கே ஈ-சேவையில் காட்டிக் கேளுங்கள்.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். ஈ-சேவை மூடுவதற்குள் அப்பாவோட இறப்புச் சான்றிதழையும் தங்கச்சி ஆதாரையும் எடுத்துக்கொண்டு போகணும்.