ரிசீவர் காதுக்குள் போகும் ஹியரிங் எய்டு: பழகியபின் எழுதும் விமர்சனம்

எந்தக் கம்பெனி என்றுதான் முதலில் கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. ஒரே மிஷினை இரண்டு பேர் எனக்கு அமைத்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், கடையில் போட்டுப் பார்த்த கம்பெனிகளுக்கு நடுவே இருந்ததை விடப் பெரிது. வகையை மட்டும் சொல்கிறேன்: காதுக்குப் பின்னால் உட்காரும் சின்ன உடம்பு, அதிலிருந்து மெல்லிய ஒயர், ஒயர் முனையில் காதுத் துளைக்குள் போகிற ரிசீவர், அதாவது குட்டி ஸ்பீக்கர். ரிசீவர் இன் கெனால், சுருக்கமாக ஆர்ஐசி என்பார்கள். சார்ஜ் போடும் ரகம், இரண்டு காதுக்கும் ஜோடியாக.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். பழைய லைன் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். எஸ், எஃப் இரண்டும் அதில் ஒன்று போலவே கேட்கும் என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் சொல்லிக் கேட்டு எழுதுவோம். வயதானதும் என் காதே அந்த லைன் மாதிரி ஆகிவிட்டது. ஆடியோகிராமில், அதாவது எந்த ஸ்தாயியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் படத்தில், 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வந்து, அப்புறம் சறுக்கு மரமாக இறங்கி, 4000 ஹெர்ட்ஸில் 60 டெசிபலில் நின்றது; அந்த ஸ்தாயியில் அதை விட மெல்லிய சத்தம் எனக்கு விழாது. வயதினால் வரும் குறைவு பெரும்பாலும் இப்படித்தான், உச்ச ஸ்தாயியில் ஆரம்பிக்கும். உயிரெழுத்தெல்லாம் காதில் விழும், மெய்யெழுத்து நழுவிவிடும். காசா காதா, பத்தா பட்டா என்று குழம்பும். பேரன், "பாட்டி, இவ்வளவு கத்துறேன், இன்னுமா கேக்கல?" என்பான். கத்தினால் ஏற்கெனவே கேட்கிற உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும். கேட்காத 'ச' கேட்காமலேதான் இருக்கும்.

அதனால்தான் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர் என்னைப் போன்றவர்களுக்குச் சரிப்படாது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைகிறதோ அங்கே அவ்வளவு கூட்ட வேண்டும். மெல்லிய சத்தத்தை அதிகமாகத் தூக்க வேண்டும், பெரிய சத்தத்தை அப்படியே விட வேண்டும்.

முதல் இடத்தில் என் ஆடியோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், அது போட்ட அளவை அப்படியே மிஷினில் இறக்கினார்கள், "போகப் போகப் பழகிடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். யார் பேசினாலும் தகரத்தில் தட்டுகிற ஓசைதான் கேட்டது. இரண்டாவதாகப் பார்த்த ஆடியோலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கிற நிபுணர், வேறு மாதிரி. முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். அப்புறம் நூல் போன்ற ஒரு மெல்லிய குழாயைக் காதுக்குள் செவிப்பறை அருகே வரை நுழைத்து, அதன் மேலேயே மிஷினையும் மாட்டி, ஸ்பீக்கரில் பேச்சை ஓடவிட்டார். என் காதுக்குள் உண்மையில் எத்தனை டெசிபல் சேருகிறது என்று திரையில் கோடாக விழுந்தது. ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். ஒவ்வொருவர் காதுத் துளையும் வேறு வேறு அளவு என்பதால் கம்ப்யூட்டர் போடுவது வெறும் உத்தேசக் கணக்குதான். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் எனக்குத் தேவையானதை விடக் குறைவாகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது, கூட்டினார். அன்றைக்கே என் மருமகள் பேச்சில் 'ச' திரும்பி வந்தது. மிஷின் வாங்கப் போகிற இடத்தில் இந்தச் சோதனை உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஒலியை எத்தனை சேனலாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும், போன் ஆப் என்னவெல்லாம் செய்யும் என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

முனையில் மாட்டுகிற சிலிக்கான் குடைக்கு டோம் என்று பெயர். மூடிய டோம் போட்டால் என் குரலே எனக்கு அண்டாவுக்குள் பேசுவது போல் முழங்கியது. தாழ்ந்த ஒலி எனக்கு இன்னும் நன்றாகக் கேட்பதால் ஓட்டை வைத்த திறந்த டோம் போதும் என்றார். முழக்கம் போனது, பதிலுக்கு விசில் வந்தது. யாராவது கட்டிப்பிடித்தால் இன்றைக்கும் கீ என்கிறது. அதோடு வாழப் பழகிவிட்டேன்.

புதிதில் செய்தித்தாளைப் புரட்டினால் பட்டாசு. குழாய்த் தண்ணீர், செருப்புச் சத்தம் எல்லாமே தலைக்குள் வந்து விழுந்தன. தினம் சில மணி நேரமாக ஆரம்பித்து மெல்லக் கூட்டினேன். மூளை அவற்றை ஒதுக்கக் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகிறது, சிலருக்கு மாதக்கணக்கிலும்.

கூட்டத்தில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். முன்னால் வருகிற பேச்சைப் பிடித்துப் பின்பக்க இரைச்சலைக் குறைக்கிற மைக் இருக்கிறது. நாலு பக்கமும் ஆள் பேசினால் அதற்கும் திண்டாட்டம்தான். சுவருக்கு முதுகு கொடுத்து, பேசுபவருக்கு நேராக உட்காருகிறேன். போன் மட்டும் சுகம்: புளூடூத்தில் இரண்டு காதிலும் நேராக விழுகிறது.

தினசரி வேலையில் முக்கியம் வேக்ஸ் கார்டு. காது அழுக்கு உள்ளே போகாமல் தடுக்க ரிசீவர் வாயில் இருக்கிற, கடுகளவு வெள்ளை வலை அது. ஒருநாள் வலது காது செத்துவிட்டது. ரிசீவர்களில் சிவப்புக் குறி வலது, நீலம் இடது. சிவப்பை எடுத்து டோமைக் கழற்றினால் வலை மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. கூடவே தருகிற குச்சிக்கு இரண்டு முனை. வெறும் முனையைப் பழைய வலைக்குள் குத்தி நேராக இழுத்தால் வந்துவிடும். திருப்பிப் பிடித்து மறுமுனையில் இருக்கிற புது வலையை அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். உடனே உயிர் வந்தது. டோமைத் திரும்ப மாட்டியபின் இழுத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் காதுக்குள்ளேயே தங்கிவிடும்.

என் அண்ணன் 312 நம்பர் பேட்டரி போடுகிற மிஷின் வைத்திருக்கிறார். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றாட வைத்துவிட்டு மூடுவார். விரல் மரத்துப்போகிற எனக்கு அந்தப் பொட்டு சைஸ் பேட்டரி ஆகாது என்றுதான் சார்ஜ் ரகம் எடுத்தேன். வெளியூர் போகும்போது சார்ஜரை மறந்தால் மிஷினும் இல்லை, அது ஒரு குறை.

இன்னொரு குறை, காதில் மாட்டுகிற மாஸ்க். கழற்றும்போது மிஷினும் கூடவே பறக்கும். தலைக்குப் பின்னால் கட்டுகிற மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் கண்ணாடி, அப்புறம் மிஷின்.