நெட்வொர்க் மேனேஜரா, ஐடபிள்யூடியா: மலைமேல் எது தாக்குப்பிடிக்கும்?

லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபையைக் கவனித்துக்கொள்ள எந்த மென்பொருள் நல்லது என்று சென்னையில் இருப்பவரைக் கேட்டால் ஒரு பதில் வரும், கோத்தகிரியில் இருப்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும். சென்னையில் ஒரே ஃபைபர் லைன், ஒரே ரூட்டர், வருஷம் முழுக்க அதே பாஸ்வேர்டு; எது சீக்கிரம் கனெக்ட் ஆகிறது என்று பார்த்தால் போதும். இங்கே கோத்தகிரியில் ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் (கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழை எப்படியோ, கோத்தகிரி, குன்னூர் பக்கம் இந்த மழை அப்படி) எங்காவது ஒரு மரம் சாயும், கம்பத்தில் போகிற ஃபைபரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும், கூடவே கரண்டும் போகும். உடனே போன் ஹாட்ஸ்பாட். அந்த சிம்மிலும் சிக்னல் செத்துவிட்டால் வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அண்ணா, ஹாட்ஸ்பாட் கொஞ்சம் போடுங்கண்ணா". அதனால் நான் முதலில் பார்ப்பது, ஒரு இணைப்பு படுத்தால் அடுத்ததற்கு எது ஒழுங்காகக் கைமாற்றுகிறது என்பதைத்தான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "மிஸ்ட் இறங்கிடுச்சு, இனி நெட் வராது" என்று இங்கே பெரியவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை சொல்வார்கள். வைஃபை ஓடுகிற 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பனிமூட்டம் தடுப்பது கணக்கிலேயே வராத அளவு. மழையில் நனைந்த மர இலைகள் கொஞ்சம் தடுக்கும், பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர் நிறையவே தடுக்கும். பாதி நேரம் உண்மையான காரணம் டவரில் பேட்டரி தீர்ந்ததுதான். மிஸ்ட்டும் கரண்ட் கட்டும் ஒரே மாசத்தில் வருவதால் பழி மிஸ்ட்டின் மேல் விழுகிறது.

சரி, போட்டிக்கு வருவோம். விக்ட் என்ற வைஃபை மென்பொருளின் பெயரைப் பழைய வழிகாட்டிகளில் பார்த்து யாராவது தேடினால், விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் நல்ல கருவிதான், ஆனால் அது பைத்தான் 2 என்ற நிரல் மொழியில் எழுதியது, அந்த மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது, 2021-ல் வந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பில் விக்டே இல்லை.

நெட்வொர்க் மேனேஜர் 2004-ல் ரெட் ஹாட் தொடங்கியது. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று லினக்ஸில் எந்த வகையைப் போட்டாலும் மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ தெரிகிற அந்த வைஃபை படத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான். கனம் அதிகம், தேவையில்லாததெல்லாம் உள்ளே இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தேவையில்லாதது என்று சொல்வதுதான் மலையில் தேவைப்படுகிறது: வைஃபை, லேன் கேபிள், போன் யூஎஸ்பி டெதரிங் (போனின் டேட்டாவைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் தருவது), ப்ளூடூத் டெதரிங், மோடம் மேனேஜர் என்ற மென்பொருளின் துணையோடு சிம் போட்ட டாங்கிள், எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறது.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்று ஒரு எண் வைத்திருக்கிறது. எண் சின்னதாக இருந்தால் அந்த வழிக்கு முதல் மரியாதை. கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, டாங்கிளுக்கு 700, ப்ளூடூத்துக்கு 750. இதில் ஒரு வம்பு ஒளிந்திருக்கிறது. போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் லேப்டாப்புக்கு அது லேன் கேபிளாகத்தான் தெரியும், அதாவது 100. வீட்டு ஃபைபர் வைஃபை ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தாலும் டேட்டா முழுக்கப் போன் வழியாகத்தான் போகும், மத்தியானத்துக்குள் அன்றைய ஒன்றரை ஜிபி காலி. மாற்று வழி எளிது: அந்த யூஎஸ்பி இணைப்பின் ரூட் மெட்ரிக்கை, ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு முகவரி முறைகளிலுமே, 800 என்று வைத்துவிட்டு அந்த இணைப்பை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். கட்டளை வரியில், நெட்வொர்க் மேனேஜரோடு வரும் என்எம்சிஎல்ஐ கொண்டு செய்யலாம். ஒன்றில் மட்டும் மாற்றினால் மற்றது வழியாக டேட்டா ஒழுகும்.

அப்படி வைத்த பிறகுதான் இதன் அருமை தெரியும். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் நெட்வொர்க் மேனேஜர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, வைஃபை சேர்ந்திருக்கிறதா என்பதோடு நிற்காமல், அதற்கு அப்பால் இன்டர்நெட் இருக்கிறதா என்றும் ஒரு சின்னப் பக்கத்தை எடுத்துச் சோதிக்கும். இல்லையென்றால் அந்த வழியின் எண்ணோடு 20,000-ஐக் கூட்டிவிடும். 600 ஆக இருந்த வைஃபை 20,600 ஆகிவிடும், 800-ல் காத்திருந்த போன் முன்னால் வந்துவிடும். இங்கே இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தயவில் ரூட்டரின் விளக்கு எரியும், லேப்டாப்பில் வைஃபை கோடுகள் நிறைந்து நிற்கும், ஆனால் ஃபைபர் எங்கேயோ அறுந்து கிடக்கும். நடுவில் ஐந்து நிமிஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம், பேசிக்கொண்டிருந்த வீடியோ கால் அறுந்து மறுபடி சேர வேண்டி வரலாம், அது தவிர்க்க முடியாது. லைன் திரும்பி வந்தால் எதையும் தொடாமலே வைஃபைக்குத் திரும்பிவிடும்.

இதே வேலையை வைஃபை ஹாட்ஸ்பாட்டில் எதிர்பார்க்காதீர்கள். லேப்டாப்பில் இருப்பது ஒரே வைஃபை கார்டு, அது ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் சேரும். வீட்டு ரூட்டருக்கு முன்னுரிமை எண் 10, ஹாட்ஸ்பாட்டுக்கு 5 என்று கொடுத்துவைக்கலாம் (இணைப்பைத் திருத்தும் பெட்டியில் ஜெனரல் பக்கத்திலேயே இருக்கிறது), ஆனால் அந்த எண்ணைப் புதிதாகச் சேரும்போது மட்டும்தான் பார்க்கும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது கரண்ட் வந்து ரூட்டர் உயிர்பெற்றால் தானாகத் தாவாது. நீங்கள்தான் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதனால் போன் கையில் இருந்தால் ஹாட்ஸ்பாட்டை விடக் கேபிள் மேல். போனுக்கும் சார்ஜ் ஏறும், லேப்டாப்பில் பேட்டரி இருக்கும்வரை.

ஹாட்ஸ்பாட்டில் நெட்வொர்க் மேனேஜருக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. ஆண்ட்ராய்டு போன் முகவரி கொடுக்கும்போது "இது கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய டேட்டா" என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பும், நெட்வொர்க் மேனேஜர் அதைப் படித்து மீட்டர்டு என்று குறித்துக்கொள்ளும். அதை மதிக்கிற மென்பொருள்கள், செயலிகளை நிறுவ உதவும் க்னோம் சாஃப்ட்வேர் மாதிரி, அப்டேட்டைப் பின்னால் இறக்கிக்கொண்டிருக்காது.

இனி ஐடபிள்யூடி. இன்டெல்லில் எழுதியது, முதல் முழுப் பதிப்பு 2019 அக்டோபரில் வந்தது. வைஃபை மட்டும்தான் இதன் வேலை, அதைப் பிரமாதமாகச் செய்கிறது. ரகசியக் குறியாக்க வேலையை லினக்ஸின் மையமான கெர்னலிடமே விட்டுவிடுவதால் ஆள் ரொம்பச் சின்னது, ஏற்கெனவே சேர்ந்த நெட்வொர்க் எந்த அலைவரிசையில் இருந்தது என்று நினைவில் வைத்து அங்கே முதலில் தேடுவதால் மூடியைத் திறந்த கையோடு சேர்ந்துவிடும். கருங்கல் சுவர் வீட்டில் முன்னால் ஒரு ரூட்டர், பின்னால் ஒரு ரூட்டர், இரண்டுக்கும் ஒரே பெயர் என்று வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்கும். சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் நல்ல ரூட்டரைத் தேடிப் போகும். குறை என்னவென்றால், நிறுவிய கையோடு ஐபி முகவரி வாங்காது. அமைப்புக் கோப்பில் அந்த வசதியை நீங்கள்தான் இயக்க வேண்டும், இல்லையென்றால் கனெக்டட் என்று காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. படம் பார்த்துத் தட்டுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஐடபிள்யூசிடிஎல் என்ற கறுப்புத் திரை கசக்கும். போன் கேபிள், டாங்கிள், ப்ளூடூத் எதுவும் இதற்குத் தெரியாது, ஆக நான் மேலே சொன்ன கைமாற்றுக்கு இது தனியாக உதவாது.

கான்மேன் என்று ஒன்றும் உண்டு, அதுவும் இன்டெல் தந்ததுதான். அரசு கொடுத்த பழைய லேப்டாப் அலமாரியில் தூங்குகிறது, அதில் ஆன்டிஎக்ஸ் என்ற எடை குறைந்த லினக்ஸைப் போட்டு எழுப்பப்போகிறேன் என்பவர்கள் அதைச் சந்திப்பார்கள். எடை குறைவு, பல வகை இணைப்பும் தெரியும், நினைவகம் குறைந்த கணினிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மாட்டிக்கொண்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த மாதிரிப் பழைய கணினிகளில் 2.4 மட்டும் தெரிந்த கார்டு இருந்தால் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் வரவே வராது. அதற்கு எந்த மென்பொருளை மாற்றியும் பயனில்லை.

என் கை நெட்வொர்க் மேனேஜர் பக்கம்தான். ஐடபிள்யூடியின் வேகமும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்க்கலாம்: மேலே நெட்வொர்க் மேனேஜர், வைஃபைக்கு மட்டும் அடியில் வைஃபையோடு சேர்த்துவைக்கிற வழக்கமான டபிள்யூபிஏ சப்ளிகன்ட் மென்பொருளுக்குப் பதில் ஐடபிள்யூடி. அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றி, சப்ளிகன்ட்டை நிறுத்தினால் போதும். நிறுத்த மறந்தால் இரண்டும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொள்ளும், வைஃபை வந்து வந்து போகும். அப்புறம், நெட் இருக்கும்போதே ஐடபிள்யூடி பேக்கேஜை இறக்கி நிறுவிவிட்டுத்தான் பழையதில் கை வைக்க வேண்டும், முடிந்தால் தை, மாசியில்.