ரிலேயா, எல்இடியா: பழைய கவாசாகி ஜிடிஆர்1000இன் முகப்பு விளக்கு

1986 முதல் 2006 வரை விற்கப்பட்ட ஜிடிஆர்1000 மோட்டார் சைக்கிளின் மங்கிய முகப்பு விளக்கைச் சரிசெய்ய ரிலே பூட்டுவதா, எல்இடி பல்பு போடுவதா? அதன் எச்4 ஹாலோஜன் பல்புக்கான மின்சாரம் கைப்பிடியிலுள்ள, ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் டிம்மர் சுவிட்சு வழியாகவே செல்கிறது. அந்தச் சுவிட்சின் முனைகள் பழுதாகி வோல்டேஜ் பத்து விழுக்காடு குறைந்தாலே, ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்துவிடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், தடித்த கம்பி, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சு) ஆகியவற்றின் வழியே நேரடி இணைப்புக் கொடுத்தால், அந்த இழப்பில் பெரும்பகுதி மீள்வதோடு, பிரதிபலிப்பான் எந்த இழைக்காக வடிவமைக்கப்பட்டதோ அதிலிருந்தே ஒளி வருவதால் கற்றையும் சிதறாது.

எல்இடி பல்பு பாதி மின்சாரத்திலேயே எரியும். மின்சாரத்தால் சூடேறும் கைப்பிடி பூட்டியவர்களுக்கு இந்த மிச்சம் பெரிய ஆதாயம். ஆனால் அதன் ஒளி தரும் சில்லுகள் பழைய பல்பின் இழை இருந்த இடத்திலேயே அமையாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். ஜெர்மனியில் அந்த வண்டிக்கென ஒப்புதல் பெறாத எல்இடி பல்பைச் சாலையில் பயன்படுத்தவும் முடியாது. என் தேர்வு ரிலேதான்.